விஷக்காற்று என்றொரு சொல்

எட்கார் ஆலன் போவின் கதை ஒன்றை நண்பர் ஒருவர் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1833இல் வெளிவந்த கதை. புட்டிக்குள் கிடைத்த கையெழுத்துப் பிரதி என்று தலைப்புக்கு அர்த்தம் சொல்லலாம். பட்டேவியாவிலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. பம்பாயில் மலபார் தேக்கில் கட்டிய கப்பல். சரக்கு பஞ்சு, லட்சத்தீவு எண்ணெய், தேங்காய் நார், வெல்லம், நெய், தேங்காய், கொஞ்சம் அபினி. இவற்றில் நண்பருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. போ தூரதேசத்து வாசனைக்காகத் தேடிப்பிடித்துப் போட்ட சொற்கள் தமிழில் மளிகைக்கடைச் சீட்டாகிவிடுகின்றன. இது மொழிபெயர்ப்பின் நஷ்டமா லாபமா என்று எங்களுக்குள் ஒரு சர்ச்சை. அது இங்கே வேண்டாம்.

சிக்கல் அடுத்த பக்கத்தில் வந்தது. கடல் கண்ணாடி போலக் கிடக்கிறது. காற்று அடியோடு நின்றுவிடுகிறது. காய்ச்சிய இரும்பிலிருந்து எழுவது போன்ற ஆவி. கதைசொல்லி 'ஸிமூம்' வரப்போகிறது என்று அஞ்சுகிறான். நண்பர் வங்கிக்கே வந்து, கவுன்டருக்கு வெளியே நின்றபடி, இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். மாசக் கடைசி. கூட்டிய கணக்கு நேராகாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். 'சூறாவளி என்று போடுங்கள், போதும்' என்றேன். அவர் அப்படியே போட்டார். அச்சிலும் வந்தது. எங்கள் வட்டத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால்கூட நாலு கடிதம் வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை. அதை நான் என் சொல்லுக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஸ்ட்ரின்ட்பெர்கின் ஓரங்க நாடகம் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. தலைப்பே அந்தச் சொல்தான்: 'ஸமூம்'. 1889இல் எழுதியது. அல்ஜீரியாவில் ஒரு சமாதிக் கட்டடம், வெளியே அந்தக் காற்று, உள்ளே காற்றுக்குத் தப்பி நுழைந்த ஒரு பிரெஞ்சுப் படைத் துணை அதிகாரி, அவனைப் பழி தீர்க்கக் காத்திருக்கும் பிஸ்க்ரா என்ற அரபுப் பெண். அவள் அவனைக் கத்தியால் தொடுவதில்லை. வெறிநாய் கடித்துவிட்டது என்கிறாள். ஊரில் மனைவி துரோகம் செய்துவிட்டாள் என்கிறாள். கடைசியில், நீ செத்துவிட்டாய் என்று மண்டையோட்டைக் காட்டி நம்பவைக்கிறாள். அவன் செத்துப்போகிறான். நாடகம் முடிந்தபின் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அவனைக் கொன்றது காற்றா, சொல்லா? நான் 'சூறாவளி' என்று வீசியெறிந்த இடத்தில் இத்தனை விஷயம் கிடந்திருக்கிறது. அதன் பிறகுதான் இந்தச் சொல்லின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஸமூம் அராபியச் சொல். அராபியச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து கிளைப்பவை. இதன் வேரில் ஒரு ஸகரமும் இரண்டு மகரமும். அதே வேரிலிருந்து பிறக்கும் 'ஸம்ம்' விஷத்தைக் குறிக்கும். ஐரோப்பிய அகராதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று இதைத்தான் சொல்கின்றன: ஸமூம் என்றால் விஷக்காற்று. ஆனால் அதே 'ஸம்ம்' துளையையும் குறிக்கும். ஊசியின் காது அராபியத்தில் ஸம்ம். (ஊசிக்குக் காது வைத்தவர்கள் நாம். அவர்களுக்கு அது வெறும் துளை.) ஒட்டகம் ஊசித்துளையில் நுழையும் உவமை குர்ஆனிலும் உண்டு, அங்கே வருவதும் இந்தச் சொல்தான். தோலின் மயிர்க்கால் துளைகள் 'மஸாம்'. அதுவும் இதே வேர். ஆகவே குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய பழைய ஆசிரியர்கள் சிலர், மனிதனின் மயிர்க்கால்கள் வழியே உள்ளே புகுந்து அவனைக் கொல்லும் வெப்பக்காற்று என்று ஸமூமுக்கு விளக்கம் தருகிறார்கள்.

விஷமா, துளைத்துப் புகுவதா? சொல்லுக்குள் இரண்டு வாசல்கள் இருந்திருக்கின்றன. அரபு நாட்டவர் இரண்டு வாசலிலும் புழங்கியிருக்கிறார்கள். விஷம் என்று நம்பியவர்கள் அவர்களிலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஐரோப்பா ஒரு வாசலை மட்டும் திறந்து, மற்றதைச் சாத்திவிட்டது. அதன் பலனை இருநூறு வருஷம் பயணநூல்களில் படிக்கலாம்.

காற்றைப் பற்றிய பீதி சொல்லுக்கு முந்தையது என்பதையும் சொல்ல வேண்டும். கி.மு. 524 வாக்கில் பாரசீக அரசன் காம்பைஸஸ் எகிப்தின் மேற்குப் பாலையில் அனுப்பிய 50,000 பேர் கொண்ட படையை மணற்காற்று மூடிவிட்டது என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். தங்கள் நீர்நிலைகளை வற்றடித்த தென்காற்றின் மீது போர் தொடுத்துப் புறப்பட்டு, மணலில் புதைந்துபோன ஸில்லி என்ற லிபிய இனத்தாரையும் அவரே சொல்கிறார். லிபியர் சொல்வதைத்தான் சொல்கிறேன் என்று ஜாக்கிரதையாக ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஒதுங்கல் எனக்குப் பிடிக்கிறது. பின்னால் வந்தவர்களிடம் அது இல்லை.

மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் முடிவு. ஹோர்முஸ் மீது கெர்மான் அரசன் 1,600 குதிரைவீரரையும் 5,000 காலாட்களையும் அனுப்பினான். வழியில் அடித்த காற்றில் அத்தனை பேரும் மூச்சடைத்து இறந்தார்கள். ஹோர்முஸ்வாசிகள் புதைப்பதற்காகப் பிணங்களைக் கைபிடித்துத் தூக்கியபோது கை தனியே கழன்று வந்தது, அவ்வளவு வெந்திருந்தது உடம்பு என்கிறார். காற்று வரும்போது ஊர்க்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொள்வார்களாம். இந்தக் கழன்ற கை பின்னாளில் வேறு பயணிகளிடமும் தலைகாட்டுகிறது. அவரவர் ஊர்ப் பெயர் மாறுகிறது, கை மட்டும் மாறுவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது சிறுபத்திரிகைக்காரர்களின் தனிக்கண்டுபிடிப்பு அல்ல என்று இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல்.

டென்மார்க் அரசன் 1761இல் அரேபியாவுக்கு ஒரு ஆய்வுக்குழுவை அனுப்பினான். ஆறு பேர். திரும்பி வந்தவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான், 1767இல். அவருடைய அரேபிய வர்ணனை 1772இல் வெளியாயிற்று. ஸமூமின் கொடுமை அதில் இடம்பெறுகிறது, பெரும்பாலும் கேட்டறிந்தபடி. ஆனால் அவருடைய தோழர்களைக் கொன்றது காற்று அல்ல. ஏமனிலும், பம்பாய்க்கு வரும் கப்பலிலும், பம்பாயிலுமாக அவர்கள் காய்ச்சலில் இறந்தார்கள். மலேரியா என்பது பின்னாளின் தீர்ப்பு. கொசுவைப் பற்றி யாரும் காவியம் எழுதவில்லை. காற்றைப் பற்றி எழுதினார்கள்.

அந்தக் காவியங்களுக்குச் சரக்கு கொடுத்த ஆள் ஜேம்ஸ் புரூஸ். நீல நைலின் ஊற்றைக் கண்டுவிட்டுத் திரும்பும் வழியில், 1772 நவம்பரில், நூபியப் பாலையில் அவர் ஸிமூமைச் சந்தித்தார். வழிகாட்டி இத்ரிஸ் எல்லோரையும் முகங்குப்புறப் படுக்கச் சொல்லிக் கத்துகிறான். புரூஸ் திரும்பிப் பார்க்கிறார். ஊதா நிறத்தில் ஒரு மூட்டம், சுமார் 20 கஜ அகலம், தரையிலிருந்து 12 அடி உயரம், விரைந்து வருகிறது. படுப்பதற்குள் அதன் வெப்பம் முகத்தில் பட்டுவிட்டது. அதன்பின் சுமார் இரண்டு வருஷம் மூச்சுத்திணறல் தன்னை விடவில்லை என்கிறார். இத்தனையும் 1790இல் ஐந்து பாகங்களாக அச்சேறியபோது லண்டன் பாதி நம்பவில்லை. அபிசீனியாவில் உயிருள்ள மாட்டின் சதையை அறுத்துத் தின்பதைப் பார்த்ததாக அவர் சொன்னதைக் கேட்டு ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்பாதவர்கள் விமர்சகர்கள். கவிஞர்கள் நம்பினார்கள்.

சதே 1801இல் வெளியிட்ட 'தலபா'வில் ஒரு மந்திரவாதியை ஸிமூம் கொல்கிறது. தொழுகையில் தரையோடு தலை வைத்திருந்த குடும்பத்தின் மேலாகக் காற்று போய்விடுகிறது. நிமிர்ந்து நின்றவன் சாகிறான். அடிக்குறிப்புகளில் பயணநூல்கள் அடுக்கடுக்காக. 1813இல் பைரன் வந்தார். அவர் பாதி வரியில் ஓர் உவமையாக முடித்துவிட்டார். இருபது வருஷம் கழித்துப் போவிடம் வரும்போது பாலைவனமே போய்விட்டது. ஜாவாவுக்கு அருகில், ஈரத்தின் நடுமையத்தில், கப்பலைக் கவிழ்க்கும் கடற்புயலுக்கு அந்தப் பெயர். நான் போட்ட 'சூறாவளி' தவறு என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு இங்கே ஒரு விபரீதமான நியாயம் கிடைத்தது. போ எழுதிய இடத்தில் அடித்தது சூறாவளியேதான். தவறு போவினுடையது. ஆனால் அவருடைய தவறில் ஒரு சொல்லின் பயணம் இருக்கிறது. என்னுடைய சரியில் மாசக் கடைசியின் அவசரம்தான் இருந்தது.

ஒரு சொல் இப்படி மண்ணைவிட்டுக் கிளம்பிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கடற்படை 1849இல் ஒரு இரும்புக் கப்பலுக்கு ஸிமூம் என்று பெயர் வைத்தது. கலிபோர்னியாவின் சான்டா பார்பராக் கரையில் 1859 ஜூன் 17 அன்று ஒரு ஸிமூம் அடித்து, வெப்பம் 133 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டது என்று அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையின் புத்தகம் பத்து வருஷம் கழித்து எழுதியது. அளந்தவர் யார், எந்தக் கருவியால் என்பதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. வானிலை நிபுணர்கள் இன்று இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். மற்ற பாலைக்காற்றுகளின் கதியும் இதைவிட மேலாக இல்லை. எகிப்தின் 'கம்ஸீன்' அராபியத்தில் வெறும் ஐம்பது. வசந்தத்தில் அது அடிக்கும் ஐம்பது நாட்களைக் குறித்த பெயர். லிபியாவின் 'கிப்லி' தொழுகைத் திசையின் பெயரிலிருந்து வந்தது. இரண்டும் இத்தாலியக் கார்களாகிவிட்டன. ஐம்பது என்ற பெயரில் ஒரு காரை 1974 முதல் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரிந்திருக்கும்?

இவற்றுக்கிடையில் நிதானமான ஓர் ஆளையும் சொல்லாவிட்டால் அநியாயம். எட்வர்ட் லேன், கெய்ரோவில் உள்ளூர் உடையில் உள்ளூர்ப் பெயரில் வாழ்ந்தவர். 1836இல் வெளியான அவருடைய எகிப்து நூலில் கம்ஸீன் வேறு, ஸமூம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். கம்ஸீன் நாட்கணக்கில் உடம்பை வாட்டுவது. காப்திய ஈஸ்டரோடு சேர்த்து நாள் எண்ணுவது. ஸமூம் கால் மணி, இருபது நிமிஷத்தில் கடந்துவிடுவது. சாதாரண வாக்கியங்கள். ஆனால் காற்றைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவனின் வாக்கியங்கள். இவரையும் சதேயையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எது இலக்கியம் என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

அந்தக் காற்று எப்படிக் கொல்கிறது? விஷவாயு எதுவும் கிடையாது, கந்தகமும் கிடையாது. காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும்போது வீசும் ஒவ்வொரு வீச்சும் உடம்பிலிருந்து சூட்டை எடுப்பதற்குப் பதிலாக உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கிறது. ஈரம் பத்து சதவீதத்துக்கும் கீழே. வேர்வை வந்தது தெரியாமலே ஆவியாகிறது. தண்ணீர் தீர்ந்த உடம்பு வேர்ப்பதை நிறுத்துகிறது. அதற்குமேல் உடம்பின் சூடு ஏறுவதைத் தடுக்க வழியில்லை. மயக்கம், மரணம். அதாவது எல்லாம் நடப்பது தோலில், மயிர்க்கால் துளைகளின் ஓரத்தில். துளை என்ற அர்த்தத்தைப் பிடித்துக்கொண்ட பழைய விரிவுரைகாரர்கள், உடற்கூறு தெரியாமலே, விஷம் என்றவர்களைவிட ஒரு விரற்கடை கிட்டே வந்திருக்கிறார்கள். ஒட்டகக்காரன் வாயையும் உடம்பையும் துணியால் மூடிப் படுத்தது மூடநம்பிக்கை அல்ல.

விஞ்ஞானம் வேறொரு அராபியச் சொல்லை எடுத்துக்கொண்டது. சூடானில் 'ஹபூப்'. வீசுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அதில் விஷமுமில்லை, நரகமுமில்லை. கார்ட்டூமில் இவற்றைக் கவனித்து சட்டன் என்பவர் 1925இல் ஆங்கில வானிலைக் கழகத்தின் ஏட்டில் கட்டுரை எழுதினார். இது ஸமூமுக்கு நேர்மாறான காற்று. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவும்போது முன்னால் கிடக்கும் புழுதியை ஒரு சுவராக நிமிர்த்துகிறது. சுவர் கடந்தபின் வெப்பம் குறையும். 1971 ஜூலையில் அரிசோனாவில் அடித்த ஒன்றை ஆராய்ந்தவர்கள், அமெரிக்க ஹபூப் என்றே தலைப்பிட்டு அடுத்த வருஷம் எழுதினார்கள். யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸ் நகரத்தை ஐயாயிரம் அடிக்குமேல் உயர்ந்த புழுதிச்சுவர் மூடியது. தொலைக்காட்சியில் ஹபூப் என்றார்கள். உடனே பத்திரிகைக்குக் கடிதங்கள்: எங்கள் ஊர்ப் புழுதிக்கு எதற்கு அரபுப் பெயர், போரிலிருந்து திரும்பிய எங்கள் சிப்பாய்கள் மனசு என்ன பாடுபடும்? நாற்பது வருஷத்தில் காற்று மாறவில்லை. நடுவே வந்த யுத்தங்கள் சொல்லுக்குள் புகுந்துகொண்டன. ஸமூமில் அவர்கள் முன்னோர் கண்டுபிடித்த விஷத்தை, அது இல்லாத சொல்லிலும் பேரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980 ஏப்ரல் 24 இரவு, டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்தவர்களை மீட்க 8 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஈரானியப் பாலைக்குள் பறந்தன. வழியில் காற்றில் தொங்கிய புழுதி மேகங்களுக்குள் நுழைந்தன. இப்படி ஒன்று அந்தப் பிரதேசத்தில் உண்டு என்று விமானிகளுக்கு விளக்கப்பட்டிருக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும்போது நேர்ந்த மோதலில் 8 பேர் எரிந்து செத்தார்கள். சதேயின் மந்திரவாதியைக் கொன்றது ஒரு சொல். இவர்களிடம் அந்தச் சொல்லும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒரு காலத்தில் நானும் கவிதைகள் எழுதினேன், பத்துக்கு ஆறில் பாலைவனம் வரும். எலியட்டைப் படித்துவிட்டு வந்த மணல் அது. பாலைவனத்தை நான் சினிமாவில் பார்த்ததோடு சரி. நம்முடைய பழைய பாலையும் மணற்காடு அல்ல. முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் திரிந்தால் பாலை என்பது சிலப்பதிகாரத்தின் விளக்கம். அதில் அடிக்கும் கோடை என்ற மேல்காற்றுக்கு நம்மிடம் பெயர் இருந்தது. நான் அதை எடுக்காமல், பைரன் புரூஸிடம் எடுத்ததை எலியட் வழியாக மூன்றாம் கையாக எடுத்தேன். என் சகாக்களும் அப்படித்தான். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

எங்கள் கிளை இருப்பது கடலோர ஊரில். வளைகுடாவிலிருந்து பணம் வராத தெரு கிடையாது. குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் மாதாமாதம் பாஸ்புத்தகத்தோடு வருவார். கூட்டமில்லாத ஒரு மதியம், பேச்சுவாக்கில் கேட்டேன்.

'பாய், அங்கே அடிக்குமே மணற்காத்து, அதுக்கு என்ன பேரு?'

'தூசின்னுதான் சார் சொல்லுவோம். தூசி வருது, சாரத்துலேருந்து எறங்குன்னுவாங்க. மலையாளத்தான் பொடிக்காத்துன்னுவான். அவனுக, அந்த ஊர்க்காரனுக, தூஸ்னுவானுக. நம்ம சொல்லத்தான் சொல்றானுக.'

குவைத்தியர் சொல்லும் அந்தத் 'தூஸ்' துருக்கியிலிருந்து வந்தது, அங்கே அதற்குப் புழுதி என்று அர்த்தம். நம் தூசியோடு ஒத்தது தற்செயல். அவர் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை.

'ஸமூம்னு சொல்லமாட்டாங்களா?'

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'அது உங்களுக்கு எப்படித் தெரியும்?'

புத்தகத்தில் படித்தேன் என்றேன்.

'அது குர்ஆன்ல வர்ற சொல்லு சார். மூணு எடத்துல வருது. ஜின்னு அந்த நெருப்புலதான் படைச்சது. நரகத்துல அடிக்கிற காத்து அது. வேலை செய்யற எடத்துல அத வாயால சொல்லிக்கிட்டா நிப்பாங்க? தூசின்னா ரெண்டு மணி நேரம், போயிரும். மூக்கக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்போம். கூலில பிடிச்சாலும் பிடிப்பான்.'

பாஸ்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் காற்றைத் தின்றவர், அந்தச் சொல்லை அறிந்தவர், சொல்லைக் காற்றின் மேல் ஒரு தடவைகூட வைத்ததில்லை. புரூஸ் முதல் பைரன் வரை ஒருவருக்கும் தோன்றாத கூச்சம் இது. ஒரு நொடி காற்றைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் சொல்லை வாரிக்கொண்டார்கள்.

நண்பரின் மொழிபெயர்ப்புகள் புத்தகமாக வரப்போவதாகக் கேள்விப்பட்டதும் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். 'சூறாவளி'யை எடுத்துவிட்டு 'ஸிமூம்' என்றே போடுங்கள், அடிக்குறிப்பு வேண்டாம், கப்பலில் இருப்பவனிடம் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான், காற்று அல்ல, வாசகனுக்கும் அவ்வளவே போதும் என்று. மேலே எழுதியதில் பாதி அந்தக் கடிதத்தில் இருந்ததுதான். பதில் ஒரு வாரத்தில் வந்தது. அந்த ஃபாரம் ஏற்கனவே ஓடிவிட்டதாம். வெல்லமும் நெய்யும் இருக்கும் அதே பக்கம்.